சூறை சுமந்த பன்னிரண்டு கற்கள்

கரட்டுக் காட்டில் ஒரு மடு இருந்தது. கோடையில் ஓடை வற்றும், குட்டை வற்றும், மடு மட்டும் வற்றாது. அதில் யார் குடிப்பது என்று வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டப்பந்தயம் வைத்து முடிவு செய்வார்கள். ஜெயித்தவரின் கூட்டத்துக்கு அடுத்த கோடை முழுக்க மடு. மற்றவர்களுக்குச் சேற்றுக் குட்டை.

தலைமுறை தலைமுறையாக வெளிமான்கள்தான் ஜெயித்துவந்தன. அவற்றின் தலைவன் முறுக்கன். கொம்பும் முறுக்கு, பேச்சும் முறுக்கு. பந்தயத்துக்கு நடுவர் ஒரு நரி. முறுக்கன் தும்மினால் ஓடிப்போய் "நூறு ஆயுசு!" என்று சொல்லும் நடுவர்.

அந்தக் காட்டுக்கு ஏழு குதிரைகள் பிழைக்க வந்தன. வந்த முதல் கோடையிலேயே, பொட்டு என்ற குதிரையின் குட்டி சேற்றுத் தண்ணீரைக் குடித்து வயிறு ஊதிச் செத்துப்போனது. பொட்டுவின் தங்கை சூறை மூன்று நாள் புல்லைத் தொடவில்லை. நாலாம் நாள் நேராக நரியிடம் போனாள்.

"பந்தயத்துல நானும் ஓடறேன். சேத்துக்குங்க!"

நரி அவளை மேலும் கீழும் பார்த்தது. "குச்சிக் கால வச்சுக்கிட்டா? வழியில ஒடிஞ்சு விழுந்தா நான் பொறுப்பில்ல, ஆமா!"

"என் காலு, என் பாடு. சேத்துக்குங்க."

புரட்டாசிப் பௌர்ணமியன்று பந்தயம். ஆலமரத்தில் கிளம்பி, கரட்டுக் குன்றைச் சுற்றி, வறண்ட ஓடை மணலைக் கடந்து, மடுவில் முடிக்க வேண்டும். முறுக்கன் மடுவுக்கு வந்து சேர்ந்தபோது சூறை அங்கே நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தாள். அடுத்த கோடையில் ஏழு குதிரைகளும் தெளிந்த தண்ணீர் குடித்தன.

மறுவருஷம் பந்தயத்துக்கு முன் நரி ஒரு பாறைமேல் ஏறித் தொண்டையைச் செருமியது.

"ஒருத்தரே ஜெயிச்சா பந்தயம் எதுக்கு? எல்லாருக்கும் சம வாய்ப்பு வேணாமா? இனிமே ஜெயிச்சவங்க கல் சுமந்துதான் ஓடணும். ஒவ்வொரு ஜெயத்துக்கும் ரெண்டு கல். முடிவுல பையைப் பிரிச்சு எண்ணுவோம். ஒரு கல் குறைஞ்சாலும் ஜெயம் செல்லாது!"

"முறுக்கனும் அவரோட அப்பாவும் தாத்தாவும் ஜெயிச்சப்போ இந்தக் கல்லெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டாள் சூறை.

"அப்போ கல் கிடைக்கல!" என்றது நரி.

கரட்டுக் காட்டில் கல் கிடைக்கவில்லையாம்! காலை எங்கே வைத்தாலும் கல் இடறும் காடு அது. ஆனாலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. குரங்கு ஒன்று ஓலைப் பையில் கல்லைப் போட்டு, கொடியால் சூறையின் முதுகில் இரண்டு பக்கமும் கட்டியது.

இரண்டு கல்லோடு ஓடினாள், ஜெயித்தாள். நாலு கல்லோடு ஓடினாள், ஜெயித்தாள். ஆறு கல்லோடு ஓடிய வருஷம் முழங்காலில் அடிபட்டது. அன்று முறுக்கனை முந்தியது வெறும் மூக்கு நுனியால்தான். அதுவும் ஜெயம்தான் என்று குரங்கு சொன்னபோது நரிக்கு மூஞ்சி செத்துப்போனது.

ஐந்தாம் வருஷம் கணக்குப்படி எட்டுக் கல். நரி பன்னிரண்டு என்றது.

"முழங்கால் நல்லா ஆயிருச்சாமே? அதுக்கு நாலு!" என்று விளக்கமும் சொன்னது.

அன்று சாயங்காலம் நரி குதிரைகளைத் தேடி வந்தது. பேச்சில் தேன் வழிந்தது.

"இங்க பாரு தாயி, உனக்கு நல்லதுதான் சொல்றேன். இந்த ஒரு தடவை தோத்துடு. கல்லையெல்லாம் எடுத்துடறேன். கோடையில உங்க கூட்டம் மடு ஓரமா நின்னு, வெளிமானுங்க குடிச்ச மிச்சத்தைக் குடிச்சுக்கலாம். முறுக்கன்கிட்ட நான் பேசிக்கறேன்."

பொட்டு மறுபடி சினையாக இருந்தாள். கோடையில்தான் ஈனுவாள். அவள் தங்கையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒத்துக்கடி. உன் முழங்காலும் போயி, மடுவும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? மிச்சத் தண்ணியாச்சும் நிச்சயமா கிடைக்குமே."

சூறைக்கு நெஞ்சு வலித்தது. அக்கா பயப்படுவதில் தப்பே இல்லை. அவள் ஒரு குட்டியைப் பறிகொடுத்தவள்.

"அக்கா, இன்னைக்கு மிச்சம்பாங்க. நாளைக்கு அதுவும் இல்லம்பாங்க. அப்போ யார்கிட்டப் போயி நிப்பே? நம்ம காலால ஓடி வாங்கின தண்ணி இது. அதைக் கொண்டுபோயி கையேந்திக் குடிக்கிற தண்ணியா ஆக்க மாட்டேன்." பிறகு நரியிடம் திரும்பினாள். "பன்னிரண்டு கல்லையும் கட்டுங்க. நான் தோக்க ஓட மாட்டேன்!"

நரி பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கனிடம் போனது.

"கவலப்படாதீங்க தலைவரே! பந்தயத்தை ஐப்பசிக்குத் தள்ளிப்போடறேன். மழை பேஞ்சு தரை நல்லா ஊறட்டும். அவ்வளவு கல்லோட சேத்துல கால் வச்சா முழங்கால் வரைக்கும் புதையும். உங்களுக்கு வெறும் உடம்பு. தாவித் தாவிப் போயிடுவீங்க!"

"நரின்னா நரிதான்!" என்று முறுக்கன் கொம்பை ஆட்டினான்.

பௌர்ணமியன்று நடுவருக்கு வயிற்றுவலி வந்தது. அந்த வலி ஐப்பசி அடைமழை வரைக்கும் நீடித்தது. ஒன்பது நாள் விடாமல் பெய்த மழை நின்ற காலையில் நடுவர் குணமாகிவிட்டார்!

பந்தயம் தொடங்கியது. முறுக்கன், இரண்டு புள்ளிமான்கள், ஒரு முயல், சூறை. ஆலமரத்தடியிலிருந்து எல்லாரும் பறந்தார்கள். சூறை மட்டும் பறக்கவில்லை. ஒவ்வொரு அடியிலும் குளம்பு சேற்றுக்குள் இறங்கியது. பிடுங்கி எடுத்து அடுத்த அடி வைக்க வேண்டியிருந்தது. கரட்டைச் சுற்றுவதற்குள் முழங்கால் தீயாக எரிந்தது. முயல்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. சூறை அழுதாள். அழுதுகொண்டே நடந்தாள். நிற்கவில்லை.

ஓடைக்கரைக்கு வந்ததும் அவளுக்கு ஆச்சரியம். முன்னால் போன நாலு பேரும் அங்கேயே நின்றிருந்தார்கள்!

வறண்டு கிடக்கும் ஓடையில் செம்மண் வெள்ளம் சுழித்து ஓடியது. தரை ஊறுவதை மட்டும் யோசித்த நரி, ஓடை பெருகுவதை யோசிக்கவில்லை. முறுக்கன் உள்ளே பாய்ந்தான். வெள்ளம் அவனை ஒரு சுள்ளியைப் போலத் தூக்கி, வளைவில் இருந்த நாணலில் போட்டது. எழுந்து வந்தான். மறுபடி பாய்ந்தான். மறுபடி நாணல். புள்ளிமான்களும் அப்படியே. முயல் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, "எனக்கு மடுவே வேணாம்ப்பா!" என்றது.

சூறை தண்ணீரில் இறங்கினாள்.

"பைத்தியமா உனக்கு? அடிச்சிக்கிட்டுப் போயிடும்!" என்று கத்தினான் முறுக்கன்.

வெள்ளம் நெஞ்சுக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. பக்கவாட்டில் முட்டித் தள்ளியது. ஆனால் தூக்க முடியவில்லை! இத்தனை வருஷம் அவளை அழுத்திய கற்கள் இப்போது அவள் குளம்புகளை ஓடையின் அடித்தரையில் அழுத்திப் பிடித்தன. ஓர் அடி. இன்னோர் அடி. பாதி ஓடையில் ஒரு மரக்கிளை வந்து விலாவில் மோதியது. அப்போதும் கால் பெயரவில்லை.

அக்கரையில் ஏறினாள். அங்கிருந்து மடுவரைக்கும் ஓட அவளுக்குத் தெம்பில்லை. தேவையும் இல்லை. பின்னால் யாருமே வரவில்லையே! நொண்டி நொண்டி, நடந்தே ஜெயித்தாள்.

மடுக்கரையில் நரிக்குக் கண் பிதுங்கியது. "எண்ணு! கல்லை எண்ணு! வெள்ளத்துல ஒண்ணாவது விழுந்திருக்கும்!"

குரங்கு பையைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தது. பொட்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"பத்து... பதினொண்ணு..." குரங்கு பைக்குள் கையை விட்டுத் துழாவியது. "பன்னிரண்டு!"

குதிரைகள் கனைத்த கனைப்பில் மடுவின் கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன.

நரி விடுமா? பாறைமேல் தாவி ஏறியது. "இது அநியாயம்! கல் இருந்ததாலதான் இவ ஜெயிச்சா! மத்தவங்ககிட்ட கல் இல்ல! அடுத்த வருஷத்துலேர்ந்து இவ கல்லே சுமக்கக் கூடாது!"

முதலில் சிரித்தது குரங்கு. பிறகு குதிரைகள். பிறகு மடுக்கரையில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கடைசியில் காடே சிரித்தது.

சூறை சிரிக்கவில்லை. நனைந்த உடம்போடு, அடிபட்ட காலைத் தூக்கிக்கொண்டு, நரியின் முன்னால் போய் நின்றாள்.

"கல் இல்லாம ஓடினேன், கல்லைக் கட்டினீங்க. கல்லோட ஓடினேன், அவிழ்க்கிறேங்கறீங்க. நல்லா யோசிச்சு ஒண்ணை முடிவு பண்ணுங்க நடுவரே. எதுன்னாலும் அடுத்த வருஷமும் நான் வருவேன்!"

நரி பாறையிலிருந்து இறங்கிப் போனது. அதற்குப் பிறகு நடுவர் வேலை குரங்குக்கு வந்தது.

பங்குனியில் பொட்டு ஒரு பெண்குட்டி ஈன்றாள். குட்டி தள்ளாடி எழுந்து முதன்முதலாக மடுவில் வாய் வைத்தபோது, தண்ணீர் அதன் முகம் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. பக்கத்தில் சூறை நொண்டிக் காலோடு காவல் நின்றாள். மடுக்கரையில் அந்தப் பன்னிரண்டு கற்களும் வரிசையாகக் கிடந்தன. யாரும் அவற்றை அப்புறப்படுத்தத் துணியவில்லை.

ஜெயிக்கிறவர் முதுகில் பாரத்தை ஏற்றுகிறவர், பந்தயத்தைச் சமமாக்குவதில்லை, தன்னால் ஜெயிக்க முடியாது என்பதை ஊரறிய ஒத்துக்கொள்கிறார்.