நாற்பதில் முதலாவது

"பிள்ளைகளுக்குக் கண்ணே இல்லைம்மா."

மலையேறி வந்த மூச்சு அடங்குவதற்கு முன்பே தெய்வசிகாமணி இதைச் சொல்லிவிட்டார்.

வேலுத்தாய் வாசலில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"உக்காருங்கண்ணே. மொதல்ல தண்ணி குடிங்க."

குரு வேலுத்தாய்க்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்தாறு. அவர் இவரை அம்மா என்பார். இவர் அவரை அண்ணே என்பார். மலையில் யாரும் இதை வினோதமாக நினைப்பதில்லை. வேலுத்தாய் உபதேசம் செய்து கேட்டதாகவும் யாருக்கும் ஞாபகம் இல்லை. கேள்வியோடு மேலே போனவர்கள் இறங்கும்போது கையில் வேறு ஏதாவது இருக்கும். பெரும்பாலும் பலாக்கொட்டை.

தெய்வசிகாமணி அடிவாரத்து ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். பாடம் இயற்பியல். ஐந்து மாதமாகச் சனிக்கிழமைதோறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரை மலைக்குக் கூட்டி வருகிறார். மற்ற ஆறு நாளையும் அவர் அந்த ஒரு நாளுக்காகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"ஆளுக்கு ஒரு தாள் குடுக்கறேன். மரம், பறவை, பூச்சின்னு நாப்பது பேர் போட்டிருக்கேன். பாத்துப் பாத்து டிக் அடிக்கணும். இவங்க ஓடி விளையாடிட்டு, கடைசி இருபது நிமிஷத்துல அடிச்சு முடிச்சுட்டு, சாப்பாடு எப்ப சார்னு வந்து நிக்கறாங்க."

"ம்."

"தியானமும் சொல்லித் தர்றேன். இடுப்புல மைக்கைக் கட்டிக்கிட்டு, மூச்சை இழு, விடு, காட்டோட மௌனத்தைக் கேளுன்னு பத்து நிமிஷம் விடாம சொல்றேன். ஒருத்தராச்சும் கேக்கணுமே!"

வேலுத்தாய் தலையைக் குனிந்து ஒரு கொட்டையை ரொம்பக் கவனமாக உரித்தார்.

"படம் வரையுங்கன்னா எல்லாரும் ரெண்டு மலை வரையறாங்க. நடுவுல ஒரு சூரியன். மலை மேலயே உக்காந்துக்கிட்டும்மா!"

இதற்கு வேலுத்தாய் சிரித்தேவிட்டார். தெய்வசிகாமணி சிரிக்கவில்லை.

"நாளை மறுநாள் குளோரி மிஸ் நேர்லயே வர்றாங்க. எங்க தலைமையாசிரியை. தாள் நிரம்பியிருந்தா மலைக்குக் கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா அடுத்த வாரத்துலேருந்து சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டாங்க. இவங்க பாக்காமலே அடிக்கறது நேர்ல வந்தாத் தெரிஞ்சுடும். இதையும் விட்டா எனக்கு வேற என்னம்மா இருக்கு? ஏதாவது ஒரு வழி சொல்லுங்க."

வேலுத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"எனக்கும் ஒரு தாள் குடுங்க."

"உங்களுக்கா?"

"நானும் வர்றேன். ஒரு பென்சிலும் சேத்துக் குடுங்க."

தெய்வசிகாமணிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. குருவே வந்து பிள்ளைகளை ஒரு பிடி பிடிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு மலையிறங்கினார்.

*

சனிக்கிழமை காலை தெய்வசிகாமணி விசில் ஊதினார்.

"நாப்பது! ஒன்றரை மணி நேரம்! யாரும் ஓடக் கூடாது!"

எல்லாரும் ஓடினார்கள்.

வேலுத்தாய் மட்டும் ஓடவில்லை. நின்று தாளைப் படித்தார். முதல் வரியில் 'எறும்பு' என்று இருந்தது. எறும்பைத் தேடிக்கொண்டு நடந்தார். முதல் வளைவில் ஒரு பெரிய பாறை. அதன் அடியில் மழை படாத பொடிமணல். மணலில் ஓர் எறும்பு எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அரை மணி நேரம் கழித்து தெய்வசிகாமணி அந்தப் பக்கம் வந்தபோதும் வேலுத்தாய் அங்கேயேதான் இருந்தார்.

"அம்மா, இன்னும் முப்பத்தொம்பது இருக்கே."

"இது ஒண்ணே முடியலையேண்ணே."

பிள்ளைகளாக இருந்தால் அதட்டியிருப்பார். குருவை என்ன செய்வது?

அப்போது ரெஜினா வந்தாள். வகுப்பிலேயே வேகமானவள். அன்றைக்குப் பதினேழே நிமிடத்தில் நாற்பது டிக். சொட்டுத் தண்ணீர் இல்லாத பாறைச்சரிவில் நின்றுகொண்டு மீன்கொத்திக்கும் ஒரு டிக் போட்டிருந்தாள்.

"அத்தை, உங்களுக்கு எத்தனை ஆச்சு?"

"பாதி."

"இருபதா?"

"ஒண்ணுல பாதி."

ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த அத்தை அப்படி எதைத்தான் பார்க்கிறார் என்று அவளும் பார்த்தாள். பிறகு மண்டியிட்டாள்.

மணலில் புனல் மாதிரி ஒரு சின்னக் குழி. எறும்பு அதன் விளிம்பில் கால் வைத்துச் சறுக்கியது. தத்தளித்து ஏறியது. மறுபடியும் சறுக்கியது. குழியின் அடியிலிருந்து யாரோ மணலை வாரி அதன் தலையில் எறிந்தார்கள்.

"அத்தை! உள்ள யாரு?"

வேலுத்தாய் குழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தெய்வசிகாமணிக்கு வாய் துறுதுறுத்தது. குழியானை! எறும்பு தின்னும் அந்தப் பூச்சி குழி பறிக்கும் விதம், அதன் தாடை, அது வளர்ந்து பறந்து போகும் பருவம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். கை தானாக மைக்கின் பொத்தானுக்குப் போனது.

வேலுத்தாய் திரும்பிப் பார்க்காமலே ஒரு விரலைத் தூக்கினார்.

வாத்தியார் கையை எடுத்துக்கொண்டார். முப்பது வருஷ சர்வீஸில் தெரிந்த விடையைச் சொல்லாமல் அவர் விழுங்கியது அதுதான் முதல் தடவை.

மற்ற பிள்ளைகளைப் பார்க்க மேலே நடந்தார். அரசமரம் வரை போனார். ஒருவரும் இல்லை. சுனை வரை போனார். அங்கேயும் இல்லை. விசில் ஊதினார். வழக்கமாக முதல் விசிலுக்கே சோற்றுப் பொட்டலத்தை நினைத்துப் பறந்து வருகிறவர்கள் மூன்று விசிலுக்கும் வரவில்லை.

கீழே ஜீப் சத்தம் கேட்டது. குளோரி மிஸ் வந்துவிட்டார்.

முப்பது பிள்ளைகள்! தெய்வசிகாமணி வந்த வழியே இறங்கி ஓடினார்.

வளைவில் அப்படியே நின்றார்.

முப்பது பேரும் பாறையடியில் வரிசையாகக் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். பாறை நெடுகக் குழிகள் இருந்தன. குழிக்கு இரண்டு மூன்று தலை. கபிலேஷ் ஒரு புல்லைக் கிள்ளி எறும்புக்கு ஏணி வைத்தான். அப்படி வைத்தால் உள்ளே இருப்பது பட்டினி கிடக்காதா என்று பக்கத்துப் பெண் அவன் காதில் சண்டை போட்டாள். முபாரக் விரலால் சொந்தமாக ஒரு குழி தோண்டிவிட்டு எறும்பு வருமா என்று காத்திருந்தான். ஒருத்தி பூச்சி ஊர்ந்துபோன கோணல் தடத்தைப் பென்சிலால் தொடர்ந்துபோய், அதன் ஓரத்தில் குட்டிக் குட்டி வீடு வரைந்து, கூழாங்கல்லில் ஓர் ஊரையே கட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு சத்தம் இல்லை.

ஐந்து மாதம் மைக்கில் கேட்டும் கிடைக்காத மௌனம். இவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தெய்வசிகாமணி விசிலை வாயருகே கொண்டுபோனார்.

வேலுத்தாய் நிமிராமலே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

விசில் சட்டைப்பையில் விழுந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு தெய்வசிகாமணி மணலில் படுத்தார்.

எவ்வளவு நேரம் போனதென்று அவருக்குத் தெரியாது. மூக்குக்கு நேராக இரண்டு செருப்பு வந்து நின்றபோதுதான் தலையைத் தூக்கினார்.

"தாளைக் குடுங்க சார்," என்றார் குளோரி மிஸ்.

முப்பது தாளும் கைமாறின. ஒவ்வொன்றாகப் புரட்டினார். வெறுமை. வெறுமை. சிலதில் இரண்டு மூன்று டிக். சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டக்கூடத் தோன்றாமல் தெய்வசிகாமணி நின்றார். ஒரு தாளில் மட்டும் மேலிருந்து கீழ்வரை கறுப்பாகத் தீற்றியிருந்தது.

"இது யாரோடது? டிக் போட்டுட்டு ஏம்மா எல்லாத்தையும் அழிச்ச?"

ரெஜினா எழுந்தாள். ரப்பர் இன்னும் அவள் கையில் இருந்தது.

"அதெல்லாம் நான் இன்னும் பாக்கல மிஸ்."

குளோரி மிஸ் அவளைப் பார்த்தார். கிடக்கிற பிள்ளைகளைப் பார்த்தார். அவர் பொல்லாதவர் இல்லை. ஃபைல்தான் பொல்லாதது. அதில் வைக்க அவருக்கு ஏதாவது வேண்டும்.

"நிரம்பின தாள் ஒண்ணாவது இருக்கா சார்? ஒண்ணு இருந்தாப் போதும். மத்ததை நான் பாத்துக்கறேன், சனிக்கிழமை நடக்கட்டும்."

ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக தெய்வசிகாமணியே எழுதி வைத்திருந்த மாதிரித் தாள். ஐந்து மாதத்துக்கு முன்னால், வீட்டில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து போட்ட நாற்பது டிக். சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

"அப்பாடா," என்று குளோரி மிஸ் கையை நீட்டினார்.

தெய்வசிகாமணி தாளைப் பார்த்தார். 'எறும்பு.' டிக்.

வேலுத்தாயைத் திரும்பிப் பார்த்தார். வேலுத்தாய் இவரைப் பார்க்கவில்லை. அவருக்கு இன்னும் அந்த ஒன்று முடியவில்லை.

"ரெஜினா, அந்த ரப்பரைக் கொஞ்சம் குடும்மா."

தாளைப் பாறைமேல் விரித்து, குனிந்து, அவர் அழிக்க ஆரம்பித்தார்.

நீட்டிய கையோடு குளோரி மிஸ் கொஞ்ச நேரம் நின்றார். அவர் காலடியில் ஓர் எறும்பு குழியின் பாதி வரை ஏறியிருந்தது. பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. அது சறுக்கியது. முப்பது வாயும் 'ச்சு' கொட்டின. அது மறுபடி ஏறத் தொடங்கியது.

குளோரி மிஸ் செருப்பைக் கழற்றினார். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்.

"மெதுவாவே அழிங்க சார். இது மேல வருதான்னு பாத்துட்டு வந்துடறேன்."