கனியம்மா வத்தல் போட்ட வாரம்

ஏட்டி தேனு, கரண்டு வரும்போது வரட்டும். விசிறி அத்தை கையில இருக்கு. நான் வீசுதேன், நீ கண்ணை மூடிட்டு 'ம்' மட்டும் போடு. 'ம்' நின்னா விசிறியும் நின்னுரும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரே வெயில்.

"ம்."

சும்மா வெயில் இல்ல, கத்திரி வெயில். தெருநாய் லைட்டுக் கம்பத்து நிழல்ல ஒடுங்கிக்கிட்டு நிக்கும். நிழல் நகந்தா நாயும் நகரும். குளம் வத்தி, மாடெல்லாம் சேத்தை நக்கிட்டுத் திரிஞ்சுது.

அந்த ஊர்ல வெயிலுமுத்துன்னு ஒருத்தர். சனிக்கிழமை சாயங்காலம் ஆனா கோயில் மைக்கை 'டொக் டொக்'னு தட்டி, அடுத்த வாரம் வெயிலா மழையான்னு ஊருக்கே சொல்லுவார். பாதிய டிவியில கேப்பார், மீதிய தன் முட்டிங்காலக் கேப்பார். முட்டி குடைஞ்சா மழை, குடையலைன்னா வெயில்.

"முட்டி பேசுமா அத்தை?"

அவர்கிட்ட பேசும். குறுக்க பேசாத.

அவர் பொண்டாட்டி கனியம்மா. மக தூத்துக்குடியில வாக்கப்பட்டு, மாசமா இருந்தா. ஒருநாள் போன்ல அழுதா. "எம்மா, சோத்தைப் பார்த்தாலே குமட்டுது. நீ போடுத கூழ் வத்தல் இருந்தா ரெண்டு வாய் மோர்ச்சோறு இறங்கும்."

கனியம்மாவுக்கு மனசு கேக்கல. வாயும் வயிறுமா இருக்கவ ஆசையாக் கேக்கா, அதக் கூடச் செய்யலைன்னா என்ன அம்மா? வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அதுக்குள்ள ஒரு டப்பா வத்தல் காஞ்சாகணும்.

"இந்தாங்க, இந்த வாரம் மழை உண்டா?"

"முட்டி கல்லு மாதிரி இருக்கு. ஒரு சொட்டு கிடையாது. தைரியமாப் போடு."

அப்புறம் அவ அரிசிய ஆட்டி, பச்சை மிளகா, சீரகம், காயமெல்லாம் சேத்து 'தளபுள தளபுள'ன்னு கூழ் கிண்டுனா. மொட்டை மாடியில வேட்டிய விரிச்சு வட்டம் வட்டமா ஊத்துனா. கடைசிக் கரண்டிய ஊத்திட்டு நிமிந்தா. மூக்கு மேல 'சொட்'.

"ம்ம்?"

சொட், சொட், அப்புறம் சடசடசடன்னு மழை. வத்தல் பூரா கரைஞ்சு ஓடுன பெறகு டக்குனு நின்னுட்டு.

புருசன் என்ன சொன்னார் தெரியுமா? "அது நம்ம ஊர் மேகமே இல்ல கனி. தென்காசிக்குப் போற மேகம். வழியில ஒண்ணுக்கு இருந்துட்டுப் போயிருக்கு." ஏட்டி, சிரிச்சா தூக்கம் வராது.

ரெண்டாவது தடவை. மறுபடி முட்டியக் கேட்டார், மறுபடி கூழ், மறுபடி வேட்டி. வெயில் பளபளன்னு அடிக்கு. அவ கீழ வந்து ஒரு வாய் காப்பி குடிக்கலை, மேல சடசடசட. கனியம்மா படிக்கட்டுல உக்காந்து அழுதுட்டா. அழுகைக்கு நடுவுல புருசன் முட்டிய ஒரு முறை முறைச்சா பாரு, அவர் வேட்டிய இழுத்து முட்டிய மூடிக்கிட்டார்.

அப்போ ஊருக்கு ஒரு யோசனை வந்துட்டு. டீக்கடைத் தவசி தலைமையில எல்லாரும் வந்து வாசல்ல நின்னாங்க.

"மதினி, நீங்க வத்தல் போட்டாத்தான் மழை வருது. மாடு தவிச்சுக் கிடக்கு. பெரிய மனசு பண்ணி இன்னொரு தடவை போடுங்க."

கனியம்மாவுக்கு வந்துது பாரு கோவம். "என் வத்தல் கரைஞ்சு உங்க குளம் ரொம்பணுமோ? என் மக பட்டினி கிடக்கணுமோ?" அப்புறம் மாட்டை நினைச்சா, அதுவும் பாவமா இருந்துது. "சரி, போடுதேன். ஆனா வீட்டுக்கு ஒரு ஆள் மாடியில நிக்கணும். ஒரு சொட்டு விழுந்தாலும் வேட்டியோட தூக்கிட்டு ஓடி, அவங்கவங்க வீட்டுல ஃபேனுக்கு அடியில காயப் போட்டுத் தரணும்."

மூணாவது தடவை. ஊரே மாடியில நிக்கு, வேட்டி முனையப் பிடிச்சுக்கிட்டு. வெயிலுமுத்து மைக்குல சொல்லிட்டார், "முட்டி குடையோ குடைன்னு குடையுது, மழை நிச்சயம்." எல்லாரும் அண்ணாந்து பார்த்தாங்க. பார்த்தாங்க, பார்த்தாங்க, கழுத்துதான் வலிச்சுது. ஒரு மேகம் வரல. தவசி மண்டை வெந்து போச்சு. வத்தல் மட்டும் கலகலன்னு காஞ்சுது.

"ம்."

கனியம்மா டப்பா நிறைய அடைச்சுக்கிட்டு, புருசனையும் இழுத்துக்கிட்டு தூத்துக்குடிக்கு பஸ் ஏறுனா. வளைகாப்பு அன்னைக்கு மக ஒரு வத்தலக் கடிச்சா, 'மொறுக்'. அப்புறம் ஒரு வாய் மோர்ச்சோறு. அப்புறம் தட்டை நீட்டி இன்னும் போடுன்னா. அதப் பார்த்துத்தான் கனியம்மாவுக்கு உசுரே வந்துது.

மறுநாள் ஊர் திரும்புனா, தெருவெல்லாம் சகதி. தவளை 'கொர்ர் கொர்ர்'ங்குது. குளம் ததும்பி நிக்கு. ஓடையில தண்ணி வெள்ளையா ஓடுது, அத நக்குன ஆடு மிளகாக் காரத்துல 'ஹா ஹா'ன்னு வாயப் பிளந்துட்டு நிக்கு.

"என்ன தவசி இது?"

"அத ஏன் கேக்கிய மதினி. உங்க வத்தல் காஞ்ச அழகப் பார்த்துட்டு, இந்த வெயில விடக் கூடாதுன்னு நேத்து வீட்டுக்கு வீடு வத்தல் போட்டோம்."

பொம்பளையெல்லாம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கல. யார யார் வைய முடியும்?

அன்னைக்குச் சாயங்காலம் வெயிலுமுத்து மைக்கைத் தட்டுனார், டொக் டொக். "வர்ற வாரம்..."னு ஆரம்பிச்சு, முட்டியத் தடவிப் பார்த்தார். பொண்டாட்டியப் பார்த்தார். அப்புறம் தொண்டையச் செருமிட்டு, "வர்ற வாரம் யாரார் வீட்டுல வத்தல் போடப் போறிய, கையத் தூக்குங்க"ன்னார்.

ஒரு கை தூக்கல.

"அப்போ வெயில்தான்"னு மைக்கை அணைச்சிட்டார். அவர் சொல்லி அது ஒண்ணுதான் பலிச்சுது.

கதை காஞ்சுது, டப்பால அடைச்சாச்சு, நீ உறங்கு.

தேனு? ஏட்டி? 'ம்'மக் காணும். சரி, இனி அத்தை எனக்கே வீசிக்கிடுதேன்.