ஜெபக்கனி சிஸ்டரின் நாலு கை சட்டை

மறந்தான்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று ஊர் உலகம் சொல்லும். அபாண்டம்! சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள், அவ்வளவுதான். அந்த ஊரில் மூன்று பேர் சேர்ந்து ஒரு தையல்கடை வைத்திருந்தார்கள். கத்தரிக்கோல் பிடிப்பவர் கொம்பையா மாஸ்டர். மிஷின் மிதிப்பவன் அவருடைய மச்சினன் ஆவுடை. பட்டன் தைப்பவன் மாசானம்.

போன வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் பெற்றோர்கள் வந்து, "வளர்ற பிள்ளைங்க மாஸ்டர், கொஞ்சம் பெருசாவே தைச்சுருங்க" என்றார்கள். மூவரும் கலந்து பேசி, பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் முடிந்து தொந்தி வைக்கும்வரை தாங்குகிற மாதிரி தைத்துக் கொடுத்தார்கள். ஒண்ணாம் வகுப்புக்குச் சட்டைகள் மட்டும் தனியாக நடந்து போனதாகச் சொல்வார்கள். அதிலிருந்து கடைக்கு ஈ கூட வருவதில்லை.

இந்தக் கடைக்குத்தான் ஜெபக்கனி சிஸ்டர் வந்து மாட்டினார்.

சிஸ்டர் டவுன் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நர்ஸ். நல்ல வாட்டசாட்டமான பொம்பளை. அவர் வார்டுக்குள் நுழைந்தாலே காய்ச்சல்காரனுக்குப் பாதித் தெம்பு வந்துவிடும். உடம்பில் ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் யூனிஃபார்மில்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த சட்டைக்கு எவனோ ஒரு முருங்கைக்காயை நிற்கவைத்து அளவெடுத்திருக்கிறான். கையைத் தூக்கினால் அக்குளைப் பிடிக்கும். மூச்சை இழுத்தால் பட்டன் பறக்கும். போன வாரம், காலில் மாவுக்கட்டோடு கிடந்த சங்கிலிப்பாண்டி கட்டிலிலிருந்து சரிந்தான். பிடிக்கலாம் என்று சிஸ்டர் குனிந்தார். முதுகுப் பக்கம் டர்ர்ர் என்று ஒரு சத்தம். வார்டே திரும்பிப் பார்த்தது. சிஸ்டர் முதுகைப் பிடித்தார். சங்கிலிப்பாண்டியைத் தரை பிடித்தது.

அன்றிலிருந்து சிஸ்டருக்குக் குனியவே பயம். பெரிய டாக்டரம்மா பத்மாசனி கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "குனியாத நர்ஸ் எனக்கு வார்டுல வேண்டாம். திங்கக்கிழமைக்குள்ள ஒனக்குச் சரியான சட்டை தைச்சுப் போட்டுக்கிட்டு வா. இல்லேன்னா டோக்கன் கவுண்டர்தான்."

"டோக்கன் கிழிக்கவா நான் நர்ஸுக்குப் படிச்சேன்?" என்று சிஸ்டர் அழுதே விட்டார். பாவம், ஜூன் மாசம். டவுன் தையல்காரர்கள் எல்லாரும் பள்ளிக்கூடச் சட்டைக்குள் முங்கிக் கிடந்தார்கள். சும்மா இருந்த மிஷின்கள் மறந்தான்பட்டியில் மட்டும்தான்.

"இந்தா பாருங்க மாஸ்டர்," என்றார் சிஸ்டர். "பேண்ட் பழசே போதும். மேல்சட்டைதான் உசிரை வாங்குது. அட்டென்ஷன்ல நிக்கவச்சு அளவெடுத்துத்தான் எல்லாரும் என்னைக் கெடுத்தாங்க. நீங்க வார்டுக்கு வாங்க. நான் குனிஞ்சு நிமிந்து ஆளைத் தூக்குறப்போ அளவெடுங்க. காத்து உள்ள போய் வெளிய வரணும். கை அடிக்கடி எங்க போகுதோ அங்க பை வைங்க. அடர்த்தியான கலர்னா ஒல்லியாக் காட்டும். பாக்குறவங்க கண்ணு இடுப்புக்குப் போகாம முகத்துக்குப் போகணும். இவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?" என்றார் கொம்பையா. "கவலையை விடுங்க சிஸ்டர். நீங்க சொன்னதுல ஒரு எழுத்து மாறாது."

அங்கேதான் வந்தது வினை.

மறுநாள் மூவரும் வார்டுக்குப் போனார்கள். மறந்தான்பட்டியில் டேப் கிடையாது. கயிற்றால் சுற்றி, முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு வருவதுதான் வழக்கம். சிஸ்டர் அப்போது சங்கிலிப்பாண்டியை அணைத்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளைத் தூக்குறாங்க! சுத்துலே கயித்தை!" என்று கத்தினார் கொம்பையா.

ஆவுடை ஒரு பக்கமும் மாசானம் இன்னொரு பக்கமுமாக ஓடி, இரண்டு பேரையும் சேர்த்து வளைத்துக் கட்டினார்கள்.

"ஏலே, என்னையும் சேத்தாலே கட்டுதீய?" என்றான் சங்கிலிப்பாண்டி.

"அண்ணாச்சி, மூச்சு விடாதீங்க. அளவு தப்பிரும்," என்றான் மாசானம். சிஸ்டருக்குச் சங்கிலிப்பாண்டியின் கனத்தில் பேச்சு வரவில்லை. தோள், கை, கழுத்து என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் முடிச்சு விழுந்தது. கை அடிக்கடி எங்கே போகிறது என்றும் பார்த்துக்கொண்டார்கள். நாடி பார்க்க அது சங்கிலிப்பாண்டியின் மணிக்கட்டுக்குத்தான் போய்ப் போய் வந்தது.

கடைக்கு வந்து கயிற்றைப் பிரித்தபோது ஆவுடையின் முகம் வெளுத்துவிட்டது.

"அத்தான், கழுத்து ரெண்டு இருக்கு."

"நல்லாப் பாரு மாப்ளே."

"நல்லாத்தான் பாத்தேன். கையி நாலு."

மூவரும் முடிச்சுகளை மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தார்கள்.

"நாலு கையி இருக்கட்டும் மாஸ்டர்," என்றான் மாசானம். "அத்தனை நோயாளியை ரெண்டு கையால பாக்க முடியுமா? ஆனா கழுத்து..."

"இதை வெளிய மூச்சு விடப்புடாதுலே," என்றார் கொம்பையா. "இத்தனை நாளா எந்தத் தையக்காரனும் இதைக் கவனிக்கலை. ஒத்தக் கழுத்து வச்சே தைச்சிருக்கான். அப்புறம் கிழியாம என்ன செய்யும்? பாவம் சிஸ்டர், வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டிருக்காங்க. நாமளும் கேக்காத மாதிரி இருந்துக்கிடணும்."

மூன்று பேருக்கும் கண் கலங்கிவிட்டது. அப்பேர்ப்பட்ட மனசு.

அடுத்தது கலர். அடர்த்தியான கலர் எவ்வளவு ஒல்லியாக்கும் என்று தெரியாமல் எப்படி வெட்டுவது? ஒரு பூசணிக்காயை வாங்கிக் கருநீலத் துணியில் சுற்றித் தராசில் வைத்தார்கள். எடை கூடியது.

"கலர் ஏறினா உடம்பும் ஏறுதே!" என்று பதறினான் ஆவுடை.

"காய்க்குப் புது இடம்லா, கூச்சப்படும். கொஞ்சம் பொறு," என்றார் கொம்பையா. சாயங்காலம்வரை பொறுத்தார்கள். பூசணிக்காய் ஒரு சுற்றுகூட இளைக்கவில்லை. கடைசியில் மாசானத்தின் மனைவி அதைத் துணியிலிருந்து அவிழ்த்து, பாதியை அரிந்து குழம்பு வைத்துவிட்டாள். மறுபடி சுற்றி நிறுத்தார்கள். பாதி எடை குறைந்திருந்தது.

"பாத்தியா! கலர் வேலை செய்யுது, கொஞ்சம் லேட்டா," என்றார் கொம்பையா. கருநீலம் முடிவாயிற்று.

காற்றுக்கு ஒரு ஜன்னல் போதும் என்றான் ஆவுடை. மாசானம் ஒத்துக்கொள்ளவில்லை. "உள்ள வர்ற காத்தும் வெளிய போற காத்தும் ஒரே வாசல்ல வந்தா முட்டிக்கிடாதா?" நியாயம்தானே? முன்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் ஒரு கதவு, இரண்டுக்கும் பட்டன். முன்பக்கக் கதவில் 'காற்று வரும் வழி' என்றும், பின்பக்கத்தில் 'காற்று போகும் வழி' என்றும் சிவப்பு நூலில் தைத்தார்கள். காற்று வழி தவறிவிடக் கூடாதல்லவா? இடுப்பில், 'இங்கே பார்க்க வேண்டாம், முகம் மேலே இருக்கிறது' என்று எழுதி அம்புக்குறி போட்டார்கள். கழுத்து இரண்டாக இருந்ததால் அம்பும் இரண்டு. பைகளை மூன்றாவது கையின் மணிக்கட்டில் வரிசையாக வைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை. மூவரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த பொட்டலத்தைச் சிஸ்டர் பிரித்தார். கொஞ்ச நேரம் சட்டையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு, "படுபாவிகளா! இது சட்டையா, கல்யாணப் பந்தலா?" என்று ஒரு சத்தம் போட்டார்.

"சங்கடப்படாதீங்க சிஸ்டர்," என்றார் கொம்பையா குரலைத் தாழ்த்தி. "எங்க மூணு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது."

"என்ன தெரியாது?"

"அதான்... அந்த இன்னொண்ணு," என்று சொல்லி மரியாதையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

வராந்தாவில் டாக்டரம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பழைய சட்டையோ தையல் விட்டுக் கிடந்தது. வேறு வழி? சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே மாட்டி, பஞ்சையும் மருந்தையும் இருந்த பைகளிலேயே திணித்துக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தார். காலிக் கழுத்தும் இரண்டு காலிக் கைகளும் பக்கவாட்டில் தொங்கின. வார்டு சிரித்த சிரிப்பில் ஒருத்தனுக்கு விக்கலே நின்றுபோயிற்று.

"ஜெபக்கனி," என்றார் டாக்டரம்மா, அம்புக்குறியைப் படித்துவிட்டு, முகத்தையும் பார்த்துவிட்டு. "நீ பேசாம டோக்கன் கவுண்டருக்கே போயிரு."

சிஸ்டரின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதே நேரம், சிரித்துச் சிரித்துப் புரண்ட சங்கிலிப்பாண்டி கட்டில் ஓரத்துக்கு வந்து, மாவுக்கட்டுக் கால் மேலேயும் தலை கீழேயுமாகச் சரிந்தான்.

சிஸ்டர் யோசிக்கவே இல்லை. குனிந்தார். முழுசாகக் குனிந்தார்! டர் இல்லை, பிர் இல்லை, ஒரு நூல் விடவில்லை. விழுந்தவன் சட்டைக்கு அடியில் புகுந்தான். சிஸ்டர் அப்படியே வாரி நிமிர்ந்தார். இரண்டாவது கழுத்து வழியாகச் சங்கிலிப்பாண்டியின் தலை வெளியே வந்தது. கைகள் தாமாகவே காலிக் கைகளுக்குள் போய்விட்டன. தைத்து வைத்த மாதிரிப் பொருந்தியது. தைத்துத்தானே வைத்திருந்தார்கள்!

அவன் நெற்றியில் சின்னக் கீறல். சிஸ்டர் பழக்கத்தில் அவன் மணிக்கட்டைத் தொட்டார். பையிலிருந்து பஞ்சும் மருந்தும் கைக்கு வந்தன. நின்ற இடத்திலேயே கட்டுப் போட்டு முடித்தார்.

"சிஸ்டர், உள்ள நல்ல காத்து வருது," என்றான் சங்கிலிப்பாண்டி.

டாக்டரம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "குனிஞ்சே! தூக்கினே! கிழியலையே!" என்றார். "யாருடி சொன்னா ஒன்னை டோக்கன் கவுண்டருக்குப் போகச் சொல்லி?"

"நீங்கதான்மா."

"அது கெடக்கட்டும். நீ வார்டை விட்டு நகரக் கூடாது."

ஜெபக்கனி சிஸ்டர் சந்தோஷத்தில் சங்கிலிப்பாண்டியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். அவனுக்கு வேறு வழியில்லை, கூடவே சுற்றினான். அன்று மத்தியானமே சிஸ்டர் உபரிக் கழுத்தையும் கைகளையும் வெட்டி மூடிவிட்டார். பைகளைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். காற்றுக் கதவுகளை மட்டும் தொடவில்லை. ஜூன் மாத வெக்கையில் அந்தச் சுகத்தை விட அவருக்கு மனசு வரவில்லை.

ஆனால் அதற்குள், அவரைப் போலவே நல்ல வாட்டசாட்டமான மற்ற நர்ஸுகளும் தங்களுக்கும் வேண்டும் என்று டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டரம்மாவும் வாசலில் நின்ற கொம்பையாவைக் கூப்பிட்டு, "காலையில நான் பாத்தேனே, அதே மாதிரி எல்லாருக்கும் வேணும். அணுவளவும் மாறக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. முன்னால் சட்டைப் பொட்டலங்கள். பின்னால் மறந்தான்பட்டி ஆம்பிளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் காலிலும் மாவுக்கட்டு. நெற்றியில் ஆளுக்கொரு பிளாஸ்திரி.

டாக்டரம்மா ஓடி வந்தார். "அய்யய்யோ! என்ன விபத்து? எல்லாருக்குமா கால் உடைஞ்சிருச்சு?"

"உடையலைம்மா, நல்ல காலுதான். கட்டு நாங்களே போட்டது," என்றார் கொம்பையா பெருமையாக. "அணுவளவும் மாறப்புடாதுன்னு சொன்னீங்களே? வெறும் சட்டையைக் கொடுத்துட்டா அந்த ரெண்டாவது கழுத்துல யாரை வைப்பீங்க?"

ஆவுடை ஒவ்வொருத்தனாக இறக்கிவிட்டுக்கொண்டிருந்தான். கடைசியாக நொண்டிக்கொண்டே இறங்கிய ஒல்லிப் பையனைக் காட்டி மாசானம் மட்டும் கொஞ்சம் தயங்கினான்.

"இவன் மட்டும் சட்டைக்குள்ள கொஞ்சம் லூசா இருப்பான்மா. ரெண்டு மாசம் நல்லாச் சாப்பாடு போட்டு மாட்டிப் பாருங்க. அப்பவும் சரியா வரலைன்னா கொண்டாங்க, பிடிச்சுத் தைச்சுத் தாரோம்."