வாராய்

மாசிலாமணி முப்பத்தாறு வருஷம் நில அளவைத் துறையில் அளவுச் சங்கிலி பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவரால் வீட்டில் உட்கார முடியவில்லை. அதற்குக் காரணம் ஓய்வு அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஆடி மாதம், கொள்ளிடத்தில் குளிக்கப் போன ஒரே மகன் திலீபன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

"காரியத்தைப் பண்ணிடுவோங்க" என்று மனைவி கோமதி அழுவாள்.

"உயிரோட இருக்கிறவனுக்கு என்னடி காரியம்?" என்று இவர் கத்துவார். அதற்குமேல் அந்த வீட்டில் அன்றைக்குப் பேச்சு இராது.

பழைய இலக்கியங்களை ஒலிநூலாகப் படித்துக் கொடுக்கத் தன்னார்வலர்கள் தேவை என்று பார்வையற்றோர் சங்கம் பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தது. மாசிலாமணி போய்ச் சேர்ந்தார். பழக்கிவிடுகிறவர் செண்பகவல்லி டீச்சர். வயசு நாற்பது. சின்ன வயசிலேயே பார்வை போனவர். குருவைவிட சீடருக்கு இருபத்தொரு வயசு கூடுதல். இருவருமே அதைப் பொருட்படுத்தவில்லை.

முதல் வாரம் ஒரே கூத்து. அவர் படிக்க எடுத்த காவியத்தின் நாயகி மார்பில் அறைந்துகொண்டு அழும் இடத்தில் மாசிலாமணி, "பக்கம் நாற்பத்திரண்டு" என்றும் சேர்த்துப் படித்தார். அடிக்குறிப்பையும் விட்டுவைக்கவில்லை.

"சார், அவ அழறப்போ நம்பர் எதுக்கு?" என்றார் டீச்சர்.

"எழுதியிருந்துது டீச்சர். விட்டா தப்பில்லையா?"

"எழுதினதையெல்லாம் படிக்கிறவர் சர்வேயர். நீங்க இப்போ வேற வேலைக்கு வந்திருக்கீங்க."

தப்பு வந்தால் மேசையை ஒருமுறை தட்டிவிட்டு, அந்த வரியை மறுபடி படிக்க வேண்டும். தட்டின சத்தத்தை வைத்து டீச்சர் பிறகு வெட்டிவிடுவார். சத்தம் விழும் என்று அறையில் மின்விசிறி கிடையாது. மாசிலாமணி சட்டை நனைய நனைய உட்கார்ந்து, தட்டித் தட்டி மூன்று மாதத்தில் கடைசிப் படலத்துக்கு வந்துவிட்டார். மனசுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்திருந்தது.

அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

கடலுக்குப் போன மகனைத் தேடி ஒரு தாய் கரையில் நிற்கிறாள். "கலமெல்லாம் மீண்டன, கண்ணே, நீ வாராய்" என்கிறாள். அவர் அதைப் படித்துக் கொடுத்தார். மறுநாள் டீச்சர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்த வரியில ஒரு சந்தேகம் சார். 'வாராய்'னா என்ன?"

"வான்னு கூப்பிடறா."

"வேற அர்த்தம் இல்லையா?"

இருக்கிறது என்று மாசிலாமணிக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்தது அவருக்கு மறந்துவிடவில்லை.

டீச்சரே சொன்னார். "'நீ வரமாட்டே'ன்னும் அர்த்தம் உண்டு. உண்ணாய்னா உண்ணமாட்டே, காணாய்னா காணமாட்டே. அந்த மாதிரி. நான் பிரெய்லில தடவித் தடவி எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். விரலுக்கு ரெண்டும் ஒண்ணுதான். புள்ளி மாறாது. ஆனா வாய்விட்டுப் படிக்கிறவர் ஏதாவது ஒண்ணைத்தான் சொல்ல முடியும்."

"நான் கூப்பிடற மாதிரிதான் படிச்சேன்."

"தெரியும். படிச்சிட்டு ஏழு செகண்டு சும்மா விட்டிருக்கீங்க. யாரோ பதில் சொல்லப்போற மாதிரி."

மாசிலாமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இதுவரை அங்கே யாரிடமும் சொல்லாததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். ஆறு, ஆடி மாதம், கிடைக்காத உடல், காரியத்துக்காக மன்றாடும் மனைவி. சொல்லி முடித்ததும் கேட்டார்.

"இப்போ சொல்லுங்க டீச்சர். நான் எப்படிப் படிக்கணும்?"

டீச்சர் தன் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டினார். லேசாகக் காற்று பட்டது.

"ஏழு வயசுல மூளைக்காய்ச்சல் வந்து எனக்குக் கண்ணு போச்சு. எங்கப்பா தினம் காலையில இப்படிக் கையை ஆட்டி, 'தெரியுதாம்மா?'ன்னு கேப்பார். எனக்குக் காத்து மட்டும் படும். 'லேசா தெரியுதுப்பா'ன்னு பொய் சொல்லுவேன். அவருக்கு அது போதும்."

"எத்தனை நாள்?"

"அஞ்சு வருஷம். எங்க தெருவுல எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போச்சு. நான் வாசல்ல உக்காந்திருந்தேன். குருட்டுப் பள்ளியில சேத்தா நான் குருடின்னு ஆயிடுமே, அதனால சேக்கலை. ஒருநாள் காலையில அவர் கையை ஆட்டலை. என் கையைப் பிடிச்சு பஸ்ல ஏத்தினார். திருச்சிக் குருட்டுப் பள்ளி வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. அழுதுட்டே வந்தார். நானும் அழுதேன்."

"நீங்க எதுக்கு அழுதீங்க?"

"இனிமே பொய் சொல்ல வேண்டாமேன்னு."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குக் கோமதியின் நினைவு வந்தது. பையனுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பை வெள்ளிக்கிழமைதோறும் அவள் வைப்பது அவருக்குப் பயந்துதான். மூன்று தட்டில் பரிமாறுவாள். மூன்றாவது தட்டை அவர் தூங்கப் போன பிறகு எடுத்துக் கழுவி வைப்பாள். இரண்டு வருஷமாக அவள் இந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவர் ஒலிவாங்கியின் முன்னால் போய் உட்கார்ந்தார். டீச்சர் பதிவை ஓடவிட்டார்.

"கலமெல்லாம் மீண்டன, கண்ணே, நீ..."

குரல் நின்றுவிட்டது. மேசையைத் தட்டினார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி தட்டினார். ஆறாவது தடவை தட்டவும் கை எழவில்லை.

"என்னால முடியலை டீச்சர். 'நீ வரமாட்டே'ன்னு ஒருதரம் சொல்லிட்டேன்னா, அப்புறம் எந்த வாயால அவனைக் கூப்பிடுவேன்?"

செண்பகவல்லி டீச்சர் சொன்னார்:

"ரெண்டுக்கும் வார்த்தை ஒண்ணுதானே, சார்."