முதல் வெட்டு

“கரை உடைஞ்சிருமா?”

கேட்டவர் உக்கிரபாண்டி. மூன்று நாள் மழையில் ஊறிய துண்டைப் பிழியக்கூட மறந்து, கீழத்தெருவில் சீனியம்மாவின் வாசலில் நின்றார்.

சீனியம்மா ஆட்டுக்கு அகத்திக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“யாருக்கு?” என்றாள்.

“யாருக்கா? கரை உடையுறதுல என்ன யாருக்கு, எவருக்கு? உடையுமா, உடையாதா?”

“அதான் கேக்குறேன். யாருக்கு?”

அவருக்குச் சுள்ளென்று வந்தது. ஐம்பத்தாறு வயது மனிதர். தெற்குத்தெருவில் ஓட்டு வீடு, பதினெட்டு ஏக்கர் நஞ்சை, கிருதாவைத் தொடும் மீசை. அவளுக்கு முப்பத்தெட்டுதான்.

ஆனால் குரு அவள்.

வேங்கைக்குடிக் கண்மாயின் நீர்க்கட்டி வேலை போன வருஷம்வரை அவள் குடும்பத்தினுடையது. மடை திறப்பது, வயலுக்கு வயல் தண்ணீரைப் பங்கு வைப்பது, மழைக்காலத்தில் கலுங்கைக் காவல் காப்பது.

கலுங்கு, கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடக் கட்டிய வாய். வரிசையாகக் குத்துக்கற்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பலகை சொருகினால் தண்ணீர் நிற்கும். உருவினால் ஓடும். அவ்வளவுதான் வேலை. அதில்தான் ஊரின் உயிர்.

போன கார்த்திகையில் வானம் கறுத்தது. சீனியம்மா பலகைகளை உருவிவிட்டாள். அப்புறம் ஒரு பொட்டு மழையில்லை. தை மாதம், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில், கண்மாய்ச் சேற்றில் நண்டு ஊர்ந்தது. ஊர் அவளைக் கரித்துக் கொட்டியது. வேலையைப் பிடுங்கி உக்கிரபாண்டியிடம் கொடுத்தது.

அவருக்கோ அந்த வேலையில் ஆனா ஆவன்னா தெரியாது. ஆகவே ஆடியிலிருந்து கீழத்தெருவுக்கு நடந்தார்.

“அய்யா பள்ளிக்கூடம் போறாரு, வழி விடுங்கடா” என்று தெற்குத்தெரு சிரித்தது.

சிரிக்கட்டும் என்று போனார். எந்த மடையை எத்தனை விரல் திறந்தால் எந்த வயல் குடிக்கும் என்று கற்றார். கரையடியில் கசியும் ஊற்று தெளிவாக இருந்தால் தூங்கலாம், கலங்கினால் தூங்கக் கூடாது என்று கற்றார். கலுங்கைப் பற்றி மட்டும் அவள் வாயே திறக்கவில்லை.

எனவே ஊர் சொன்னதைக் கேட்டார். நாலு பலகை சொருகி, அதன்மேல் மணல்மூட்டையும் அடுக்கினார்.

இப்போது மழை.

“மேலக் கண்மாய் நெறைஞ்சு மறுகால் பாயுதாம், போன் வந்துச்சு. அந்தத் தண்ணி மத்தியானத்துக்குள்ள இங்க இருக்கும். பலகையை எடுக்கணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லிரு.”

“எடுங்க.”

“எடுத்தப்புறம் மழை நின்னுட்டா?”

“அப்ப எடுக்காதீங்க.”

“எடுக்காம கரை போயிட்டா?”

சீனியம்மா இப்போதுதான் நிமிர்ந்தாள்.

“போன வருஷம் நான் எடுத்தேன். தப்பாப் போச்சு. ஊரே காறித் துப்புச்சு, நீங்களும்தான் துப்புனீங்க. என்கிட்டயே வந்து சரியான பதில் கேக்குறீங்களே, இதென்னய்யா கூத்து?”

அவர் துண்டைப் பிழிந்தார்.

“சரி. அன்னிக்கு எதை வச்சு எடுத்தே?”

“பயத்தை வச்சு.”

“எனக்கும்தான் பயமா இருக்கு! மூணு நாளா கண்ணு மூடல.”

“அது வேற பயம்.”

“பயத்துல என்ன புள்ள வேற?”

அவள் ஆட்டின் கயிற்றை அவிழ்த்து அவர் கையில் திணித்தாள்.

“இதைக் கொண்டுபோய் உங்க தொழுவத்துல கட்டுங்க. குட்டி மூணும் தானா பின்னால வரும்.”

பதில் கேட்டு வந்தவர் ஆட்டை இழுத்துக்கொண்டு போனார். மழைக்கு ஒதுங்கி நின்ற தெற்குத்தெருக்காரர்கள் மீசையையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஊரில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

*

மத்தியானம் மேலக் கண்மாய்த் தண்ணீர் வந்து சேர்ந்தது.

அது வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. கரையில் நின்ற உக்கிரபாண்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கரைச்சரிவில் ஒரு புல் காணாமல் போனது. அப்புறம் அதற்கு மேலே ஒரு புல். தண்ணீரில் நுரையும் சருகும் மிதந்து வந்தன. சாரைப்பாம்பு ஒன்று நீந்தி வந்து அவர் காலருகே கரையேறியது. அவரை அது சட்டை செய்யவில்லை. அதற்கும் ஏதோ தெரிந்திருந்தது.

அவர் நடுமடைக்கு இறங்கி ஊற்றைப் பார்த்தார். குனிந்து ஒரு கை அள்ளினார்.

உள்ளங்கையில் செம்மண் தங்கியது.

ஆளைக் கூட்டி ஊற்றைச் சுற்றி மணல்மூட்டை அடுக்கினார். அரை மணி கழித்துக் கீழத்தெருவுக்கு ஓடினார்.

“சீனி, ஊத்து கலங்குது.”

அவள் அரிசி டின்னைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. பிறகு டின் மேலே போயிற்று.

“எந்த இடத்துல?”

“நடுமடைக்குப் பக்கத்துல. சுத்தி மணல்மூட்டை போட்டாச்சு. நிக்கல.”

“ஊரு என்ன சொல்லுது?”

உக்கிரபாண்டி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

கரைமேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேர் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். பேசியவர் ஊர்த்தலைவர், அம்பலம் வெள்ளைச்சாமி. பலகையில் கை வைக்கக் கூடாது, போன வருஷம் பட்டது போதும். நிலைமை முற்றியதால் வடக்கு மூலையில் கரையை வெட்டிவிடலாம். ரெண்டு ஆள் அகலம் வெட்டினால் போதும், பாரம் குறையும், மிச்சக் கரை பிழைக்கும், வயல் பிழைக்கும். அப்பன் பாட்டன் காலத்து வழக்கம்.

வடக்கு மூலைக்குக் கீழே இருப்பது கீழத்தெரு. நாற்பத்து மூன்று வீடு.

தெற்குத்தெருவும் கரைக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் வேங்கைக்குடியில் கரை எப்போதும் வடக்கேதான் உடையும். அங்கேதான் உடைப்பார்கள்.

அவர் சொல்லி முடித்தார்.

“எத்தனை மணிக்கு?” என்றாள், டவுன் பஸ் எப்போது வரும் என்று கேட்பதுபோல.

“மூணு மணிக்கு. அதுக்குள்ள எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளியேறிரு. அதைச் சொல்லத்தான் ஓடியாந்தேன். பள்ளிக்கூடத்தைத் தொறந்து விடச் சொல்லியிருக்கேன். சோத்துக்கும் நான் பாத்துக்கிறேன்.”

“மனுசன் ஏறிருவான். வீடு ஏறுமாய்யா?”

“மண்ணு வீடுதானே, அப்புறமாக் கட்டிக்கலாம்னு...”

சொல்லும்போதே அவருக்கு நாக்குக் கூசியது.

“யாரு சொன்னா?”

“ஊருதான்.”

“ஊருன்னா அதுல நாங்க இல்லியா?”

கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீர் அவர்கள் இருவருக்கும் நடுவே சொட்டிக்கொண்டிருந்தது.

“முதல் வெட்டு யாரு?” என்று கேட்டாள்.

“நீர்க்கட்டிதான். அதுவும் வழக்கமாம்.”

“தெரியும். எங்க அப்பாவையும் அப்படித்தான் நிறுத்துனாங்க. மம்பட்டியைக் கையில குடுத்து, எங்க வீட்டுக்கு நேர் மேல.”

“வெட்டுனாரா?”

“அவரு ஆயுசுல அந்த நெலமை வரவே விடல. கார்த்திகை பொறந்துட்டா அவருக்குச் சோறும் கலுங்குலதான், தூக்கமும் கலுங்குலதான். பைத்தியக்காரன்னு பேரு.”

அவள் மூலையில் கிடந்த மம்பட்டியை எடுத்துத் தோளில் போட்டாள்.

“வாங்க. பாடம் ஒண்ணு பாக்கி.”

*

இருவரும் கரை ஏறினார்கள்.

கரை, காலுக்குக் கீழே மெத்தையைப்போல் அமுங்கியது. இப்படி அமுங்கும் கரை எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்க வாயெடுத்து, பதிலுக்குப் பயந்து உக்கிரபாண்டி கேட்காமலே நடந்தார்.

வடக்கு மூலை வந்தது. அவள் நிற்கவில்லை.

கலுங்கு வந்தது. மணல்மூட்டைகளுக்கு மேல் தண்ணீர் நாக்கை நீட்டியிருந்தது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

தார்ப்பாய்க்குள்ளிருந்து வெள்ளைச்சாமி எட்டிப் பார்த்தார்.

“எங்கப்பா குருவும் சிஷ்யரும்? நீச்சல் பழகவா?”

“ஆமாய்யா,” என்றாள் சீனியம்மா. “நீங்களும் வர்றீங்களா, கடைசிப் பாடம்.”

தெற்குக் கோடிக்குப் போய்த்தான் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். மம்பட்டியை ஓங்கிக் கரையில் ஒரு வெட்டு வெட்டினாள்.

ஈர மண் அல்வாத்துண்டு மாதிரி பெயர்ந்து வந்தது.

உக்கிரபாண்டி பாடம் என்றே நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வெட்டு. மூன்றாவது. வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் மெல்ல எட்டிப் பார்த்தது. ஒரு விரல் கனத்தில் மறுபக்கச் சரிவில் வழிந்தது.

அது வழியும் திசையை அவர் கண் தொடர்ந்தது.

கீழே அவர் வீடு.

முற்றத்தில் அவர் மனைவி ஒரு கையில் குடையும் ஒரு கையில் ஆட்டுக்குட்டியுமாக எதையோ திட்டிக்கொண்டே தொழுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். பாதி வழியில் செருப்புச் சேற்றில் மாட்டிக்கொண்டது. குனிந்து அதை இழுத்தாள்.

நாற்பது வருஷமாக அவர் நடக்கிற கரை அது. வலப்பக்கம் தண்ணீர், இடப்பக்கம் வீடு. இரண்டையும் ஒருசேர அவர் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார். வீட்டின் ஓட்டு முகட்டைவிடத் தண்ணீர் உயரத்தில் நின்றது.

“நிறுத்து!”

நான்காவது வெட்டு.

“நிறுத்து புள்ள! என் வீடு இருக்கு!”

“மூணு மணிக்கு இன்னும் நேரம் கெடக்கு. மனுசன் ஏறிருவான்ல?”

“அவ கீழ நிக்கிறா! பாரு, அங்க நிக்கிறா!”

அவர் பாய்ந்து மம்பட்டிக் காம்பைப் பிடித்தார். அவள் விடவில்லை. மழைக்குள் இருவரும் ஒரே காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காம்பு நடுங்கியது. தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தார். அவள் கைகளைப் பார்த்தார். அவை இன்னும் மோசமாக நடுங்கின.

அவர் காம்பை விட்டார்.

விட்டதும் ஓடினார். கலுங்கை நோக்கி, வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல்.

சீனியம்மா வெட்டிய மண்ணை அள்ளிப் பள்ளத்தில் போட்டாள். காலால் மிதித்தாள். வழிந்த தண்ணீர் நின்றதும் அவளும் பின்னால் ஓடினாள்.

*

கடப்பாரையோடு கலுங்கில் இறங்கியவரின் இடுப்பில் அவள் கயிற்றைக் கட்டினாள். மறுமுனையைக் கரையோரக் குத்துக்கல்லில் ஒரு சுற்றுச் சுற்றி, தன் இடுப்பிலும் சுற்றிக்கொண்டாள்.

முதலில் மணல்மூட்டைகள் போயின. அப்புறம் மேல் பலகை. அதை உருவியதும் தண்ணீர் உறுமியது. அந்த உறுமல் தார்ப்பாய்வரை கேட்டது.

ஐந்து பேரும் ஓடிவந்தார்கள். முன்னால் வெள்ளைச்சாமி.

“டேய் உக்கிரம்! கிறுக்கா பிடிச்சிருக்கு? மேல ஏறுடா!”

உக்கிரபாண்டி இரண்டாவது பலகையைக் கடப்பாரையால் நெம்பினார்.

“இவளுக்காகத்தானே? இவ தெருவுக்குள்ளதான்டா இந்தத் தண்ணியும் போகும்!”

“முழங்கால் மட்டும் வரும்,” என்றாள் சீனியம்மா, கயிற்றை விடாமல். “வந்துட்டுப் போகும். வீடு நிக்கும்.”

இரண்டாவது பலகை சுழன்று ஓடியது. உக்கிரபாண்டியின் கால் வழுக்கியது. தலை தண்ணீருக்குள் போயிற்று. கயிறு விண்ணென்று இழுத்தது. மீசையில் சேறு ஒழுக, கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழுந்தார். மறுபடி கடப்பாரையைத் தூக்கினார்.

வெள்ளைச்சாமியின் குரல் இறங்கியது. அதட்டல் போய் அதில் கெஞ்சல் வந்திருந்தது. அவருக்கும் பயம்தான். போன தையில் காய்ந்த கதிரைக் கசக்கிப் பார்த்த கை அவருடையது.

“நாளைக்கே வானம் வெளுத்துட்டா என்னடா செய்வே? தையில தண்ணிக்கு எங்க போவே? இவளை வெரட்டுன மாதிரி உன்னையும் வெரட்டுவாங்கடா.”

“தெரியும்ணே.”

மூன்றாவது பலகை.

“ஊரே வறண்டுபோகும்டா!”

உக்கிரபாண்டி வாயிலிருந்த செம்மண் தண்ணீரைத் துப்பினார். கால்விரலால் தடவி, கடைசிப் பலகை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்.

“வறளட்டும்ணே,” என்றார். “எல்லாருக்கும் வறளட்டும்.”