நூற்று முப்பத்தேழாவது பிள்ளை

மலையடிவாரத்து மடத்தில் ஆண்டுக்கு மூன்று நாள் திருவிழா. பிள்ளைகளுக்கு முடியிறக்க நாற்பது ஊர்களிலிருந்து வருவார்கள். கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் தேட உதவும் என்று, ஒவ்வொரு பிள்ளையின் அடையாளத்தையும் மடத்து வாசலிலேயே எழுதி வைப்பது வழக்கம்.

அந்த ஆண்டு அந்த வேலை பூவராகனுக்கு. சீடர்களில் மூத்தவர் அவர், வயது அறுபத்தொன்று. நில அளவையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் சங்கிலி பிடித்தவர். குருவான சிவக்கொழுந்து அடிகளுக்கு நாற்பத்திரண்டு.

முதல் நாள் நண்பகலில் பூவராகன் நோட்டை அடிகளிடம் நீட்டினார்.

“நூத்தி அறுபத்திரண்டு பிள்ளைங்க சாமி. உயரம் கால் அங்குலம் தப்பாது. குறை ஏதும் இருக்கா?”

அடிகள் பக்கங்களைப் புரட்டினார்.

“கையெழுத்து நல்லா இருக்கு. குறை இருந்தா, ஒரு பிள்ளை தொலைஞ்சாத்தான் தெரியும்.”

மூன்று மணிக்கு ஒரு பெண் ஓடி வந்தாள். ஆடு மேய்க்கும் சிட்டம்மாள். குளத்தில் மகளைக் குளிப்பாட்டிவிட்டு, ஈரத்துணியைப் பிழியத் திரும்பியிருக்கிறாள். மகளைக் காணவில்லை.

பூவராகன் ஒரு நொடியில் பக்கத்தை எடுத்தார். நூற்று முப்பத்தேழு. பொன்னழகி, வயது ஆறு. மூன்றடி ஏழு அங்குலம். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், பச்சைப் பாவாடை.

“சடையை இறக்கியாச்சே ஐயா” என்றாள் சிட்டம்மாள். “பாவாடை இந்தா, ஈரமாப் பையில இருக்கு. இப்ப எல்லாருக்கும் கட்டுற மஞ்சத்துண்டுதான் கட்டியிருக்கா.”

நோட்டில் எல்லாப் பிள்ளைக்கும் முடி இருந்தது. வெளியே ஒரு பிள்ளைக்கும் இல்லை.

தொண்டர்கள் உயரத்தை மட்டும் வைத்துத் தேடினார்கள். தலையில் சந்தனத்தோடு ஒன்பது பேரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

“மூணடி ஏழங்குலம் ஒன்பது உருப்படி ஐயா” என்றான் ஒருவன். “அதுல ரெண்டு ஆம்பளைப் பிள்ளை.”

யாரும் பொன்னழகி இல்லை. ஐந்து மணிக்கு வண்டிகள் ஊர் ஊராகக் கிளம்பிவிடும். மணி நாலேகால்.

அடிகள் சிட்டம்மாளை உட்கார வைத்து, எதிரே தரையில் தானும் உட்கார்ந்தார்.

“பிள்ளையப் பத்திச் சொல்லும்மா.”

“என்னத்தைச் சொல்ல? எல்லாப் பிள்ளையும் மாதிரிதான் சாமி.”

“காலையில என்கிட்டயும் அப்படித்தான் சொன்னா” என்றார் பூவராகன். “அடையாளம் உண்டான்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னா.”

“பக்கத்துல நாலு பேரு நின்னாங்க ஐயா. நாலு பேரு முன்னால பெத்த பிள்ளையைப் பெருமையாப் பேசுவாங்களா? கண்ணு பட்டுடாது?”

“பட்டா நான் சுத்திப் போடுறேன். பேசு” என்றார் அடிகள்.

சிட்டம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“எங்க ஊருல ஆறு ஆட்டுக்கிடை இருக்கு சாமி. ஆடு வாங்க வர்றவங்க பெரியவங்களைக் கேக்க மாட்டாங்க, எம்மகளைத்தான் கூப்பிடுவாங்க. வாயைத் திறந்து பல்லைப் பாத்து வயசு சொல்லுவா. இதுவரைக்கும் ஒரு தடவை தப்பினதில்ல. கட்டியிருக்கிற ஆட்டைக் கண்டா, வாயைத் திறந்து பாக்காம தாண்ட மாட்டா.” அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. “அவங்க அப்பாவுக்குக்கூட ரெண்டு தடவை தப்பியிருக்கு.”

அடிகள் பூவராகனைப் பார்த்தார். பூவராகன் மடத்துக்குப் பின்னாலிருந்த ஆட்டுச் சந்தைக்கு ஓடினார்.

அங்கே ஒரு மொட்டைத் தலை, கிடாயின் தாடையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது. வியாபாரி கும்பிடாத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“தாயே, போயிடு. ஒம்பது கிராக்கி போச்சு.”

“ரெண்டு பல்லுன்னு விக்கிறீங்க. இது ஆறு பல்லு, வயசு கூட” என்றது பிள்ளை.

சுற்றி நின்றவர்கள் தங்கள் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

நாலு ஐம்பதுக்குப் பிள்ளை தாயிடம் வந்தது. சிட்டம்மாள் ஒரு அடி போட்டாள்; பிறகு அணைத்துக்கொண்டாள். “ஆறு பல்லுதானா?” என்று காதில் கேட்டாள்.

அவர்கள் போனபின் பூவராகன் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு முந்நூறு பிள்ளைங்க வரும் சாமி. ஒவ்வொரு தாயும் இப்படிப் பேச ஆரம்பிச்சா, வரிசை என்ன ஆகிறது?”

“இன்னும் நாலு பாய் விரிக்கச் சொல்லுங்க” என்றார் அடிகள். “நின்னுக்கிட்டுப் பேசினா சுருக்கிடுவாங்க.”