லைசென்ஸும் ஒரு வாளித் தண்ணீரும்

உடுமலையில் வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டர் குழந்தைவேல் எங்கே போனாலும், கண்ணாடிச் சட்டம் போட்ட லைசென்ஸும் அவர் கையோடு போகும். தான் புதிதாகக் கட்டி முடித்த வீடு ஒன்றைச் சுகந்தி டீச்சருக்குச் சுற்றிக் காட்டிவிட்டு, டீச்சருக்கும் அதே மாதிரி வீடு கட்டித் தரும் ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு நீட்டினார். டீச்சர் பேனாவைத் திறந்தார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றாள், கூட வந்திருந்த வீட்டு வேலைக்காரி வேலாத்தாள்.

கான்ட்ராக்டருக்குச் சுருக்கென்றது. லைசென்ஸை அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

"அரசாங்க முத்திரை! படிக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க."

"அப்புறம் என்ன? இந்த வீட்டுல ஒரே ஒரு குறை காட்டு, தொழிலையே விட்டுடறேன்."

வேலாத்தாள் நாலு வீட்டுக் குளியலறை கழுவுகிறவள். வாதாடாமல் போய், ஒரு வாளித் தண்ணீர் பிடித்துக் குளியலறைத் தரையில் ஊற்றினாள். தண்ணீர் போவதற்கென்று மூலையில் ஓட்டை இருந்தது. தண்ணீர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வாசலைத் தாண்டி வந்து, வெளியே நின்ற கான்ட்ராக்டரின் ஷூவுக்குள் புகுந்தது.

டீச்சர் பேனாவை மூடினார்.

"சார் மேல குத்தமில்லீங்கம்மா" என்றாள் வேலாத்தாள். "தண்ணிக்கும் என்னை மாதிரியே படிக்கத் தெரியலைங்க. தெரிஞ்சிருந்தா, சாரோட லைசென்ஸைப் பார்த்துட்டு மரியாதையா ஓட்டைக்குப் போயிருக்கும்."